பக்கவாத்தியம் வெறும் செலவுக் கணக்கா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். என் அப்பா காலத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு உங்கள் பத்திரிகை வந்துகொண்டிருக்கிறது. கடந்த ஞாயிறு மலரில், பெருந்தொற்றுக்குப் பிறகு நம் கலைகள் கண்ட மாற்றங்களைப் பற்றி ஒரு முழுப்பக்கக் கட்டுரை வந்திருந்தது. பாதிவரை மகிழ்ச்சியோடுதான் படித்தேன். அப்புறம் இந்த வரி வந்தது: "பக்கவாத்தியச் செலவு இல்லாமலேயே தரமான அரங்கேற்றம் நடத்தலாம் என்பது கோவிட் நமக்குக் கற்றுத்தந்த நல்ல பாடம்." நான்கு நாளாக அந்த வரி என்னைத் தூங்கவிடவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் மிருதங்கம் வாசிப்பவன். நடனத்துக்கு வாசித்தே இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைத்தேன். 2020 மார்ச் 18-இல் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். 21ஆம் தேதி சனிக்கிழமை எங்களுக்கு ஓர் அரங்கேற்றம். ஒத்திகையெல்லாம் முடிந்து, மண்டபத்துக்கு முன்பணமும் கட்டியிருந்தார்கள். அதோடு சேர்ந்து ஆகஸ்டு வரை ஒப்புக்கொண்டிருந்த பதினோரு நிகழ்ச்சிகளும் போயின. மே மாதம் ஒருநாள் உறையைத் திறந்து பார்த்தேன். மிருதங்கத்தின் வாரெல்லாம் வெள்ளையாகப் பூஞ்சை பிடித்திருந்தது. துணியால் துடைத்து, வெயிலில் வைத்தால் தோல் வெடிக்குமே என்று மின்விசிறிக்கு அடியில் வைத்துவிட்டு, சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலைக்குக் கிளம்பினேன். 2021 தைப்பூசத்துக்குப் பத்துமலையில் காவடியே இல்லை. எங்கள் அடுக்குமாடியில் உருமி மேளம் அடிக்கும் பையன்கள் நான்கு பேர் இருக்கிறார்கள். ஆண்டுக்கு ஒருமுறை கையில் நல்ல காசு பார்ப்பது அந்த மூன்று நாளில்தான். அவர்களைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.

இணையம் எங்களுக்கு எதிரி என்று நான் சொல்லவில்லை. சுங்கைப்பட்டாணியில் இருக்கும் ஒரு பையனுக்கு இன்றைக்கும் கைப்பேசி வழியாகத்தான் பாடம் எடுக்கிறேன். அவன் அப்பா லாரி ஓட்டுநர். அவனை வாராவாரம் கோலாலம்பூருக்குக் கூட்டிவர அவரால் முடியாது. ஆனால் தனியாகச் சொல்லிக்கொடுப்பது வேறு, சேர்ந்து வாசிப்பது வேறு. ஜூமில், ஆசிரியை கைத்தாளத்தில் தட்டும் நட்டுவாங்கத் தாளம் அந்தப் பக்கம் போய்ச் சேர்வதற்கே நேரமாகும். பிள்ளையின் காலடி திரும்பி வருவதற்குள் அடுத்த அட்சரம் வந்துவிடும். போதாததற்கு, மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் கும்கி என்ற கனத்த ஒலியைக் கொடுத்தால் அது இரைச்சல் என்று நினைத்து அந்தச் செயலியே வெட்டிவிடும். அந்த அமைப்பை மாற்றத் தெரியாமல் எத்தனை ஆசிரியைகள் தவித்தார்கள்!

அதனால்தான் பாட்டைப் பதிவுசெய்து கேட்டார்கள். நானும் செய்தேன். படுக்கையறைச் சன்னலுக்குக் கம்பளி தொங்கவிட்டு, மின்விசிறியை நிறுத்தி, விடிவதற்கு முன்னால் எழுந்து உட்கார்ந்து வாசித்தேன். பாடகி கிள்ளானில் அவர் வீட்டில், வயலின்காரர் ஈப்போவில் அவர் வீட்டில். தனித்தனியாகப் பதிவுசெய்து அனுப்பியதை ஒரு தம்பி ஒன்றாகச் சேர்த்துக் கொடுத்தார். எனக்கு 250 வெள்ளி (ரிங்கிட்) கிடைத்தது. வீட்டில் அரிசி வாங்கக் கணக்குப் பார்த்த நேரம் அது. அந்த நன்றியை மறக்கமாட்டேன்.

2022 ஏப்ரல் 1-இல் எல்லைகள் திறந்தன, மண்டபங்களும் நிரம்பத் தொடங்கின. ஆனால் எங்களை யாரும் கூப்பிடவில்லை. பதிவுதான் கையில் இருக்கிறதே! சில மாதங்களுக்கு முன், பிள்ளைகள் முதன்முதலாகச் சலங்கை கட்டும் ஒரு சலங்கை பூஜைக்கு உறவினர் அழைத்தார் என்று பார்வையாளனாகப் போனேன். நிகழ்ச்சியின் நீண்ட உருப்படியான வர்ணம் தொடங்கியது. மும்மூன்றாக எண்ணி வாசிக்கும் திஸ்ர நடைக் கோர்வை முடியும் இடத்தில், தூரத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் போகும் சத்தம். எங்கள் வீட்டுச் சந்தில் பேப்பர் போடுபவரின் வண்டி! ஒலிபெருக்கியில் வாசித்துக்கொண்டிருந்தது நான்தான். 250 வெள்ளிக்கு ஒருமுறை வாசித்ததை அதற்குள் எத்தனை மேடையில் போட்டார்களோ, எனக்குத் தெரியாது. அழைப்பிதழைப் புரட்டிப் பார்த்தேன். ஒப்பனைக் கலைஞர், மேடை அலங்காரம், கேக் செய்தவர் என்று எல்லார் பெயரும் இருந்தது. "இசை" என்ற சொல்லே இல்லை.

அன்றைக்குத் தில்லானாவில் ஒரு சின்னப் பிள்ளையின் கூந்தலிலிருந்து விழுந்த பூவில் கால் வழுக்கிவிட்டது. விழவில்லை, ஆனால் தாளம் விட்டுப்போனது. பதிவு அதன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. இரண்டு ஆவர்த்தனம், அதாவது இரண்டு தாளச் சுற்று, அந்தப் பிள்ளை கையைப் பிசைந்துகொண்டு நின்றது. எனக்கு நாற்காலியில் உட்காரவே முடியவில்லை. பெருந்தொற்றுக்கு முன்னால் இன்னோர் அரங்கேற்றத்தில் வர்ணத்தின் நடுவில் சலங்கை வார் அவிழ்ந்தது. நட்டுவனார் அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். பாடகி அதே சரண வரியைத் திரும்ப எடுத்தார், வயலின் அதைப் பிடித்துக்கொண்டது, நான் நடையைக் கொஞ்சம் மாற்றி வாசித்தேன். பெண் ஓரமாகப் போய் வாரைக் கட்டிக்கொண்டு ஆறாவது ஆவர்த்தனத்தில் சமத்துக்கு, அதாவது சுற்றின் தொடக்கத்துக்கு, சரியாக வந்து நின்றாள். கீழே இருந்தவர்கள் கைதட்டினார்கள், அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள் என்று நினைத்து. இதற்காகத்தான் ஐயா நாங்கள் மேடையில் உட்கார்கிறோம். ஒரே வரியை அபிநயத்தில் விரித்து ஆடும் சஞ்சாரியில் ஆடுபவர் மனம் எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவு தூரம் பாட்டும் கூடவே போகவேண்டும். பதிவில் நான்கு தடவை என்றால் நான்கே தடவைதான்.

செலவு என்கிறார் கட்டுரையாளர். பெற்றோரின் சிரமம் எனக்கும் தெரியும், என் மகளும் சலங்கை கட்டியவள்தான். ஆனால் நான் சொன்ன அந்த நிகழ்ச்சியில் பின்னால் இருந்த எல்இடி திரையின் வாடகை, எங்களைப் போன்ற நான்கு பேருக்குக் கொடுப்பதைவிட அதிகம். ஒலி அமைப்புக்கு வந்த தம்பியே இதைச் சொன்னார்.

உலகத்தில் மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்றும் கட்டுரை பேசுகிறது. சரி, பார்ப்போம். 2020 ஜூன் 22 அன்று பார்சலோனாவின் லிசேயு இசையரங்கம் திறந்தபோது இருக்கைகளில் ஆட்களுக்குப் பதிலாக 2,292 செடிகளை வைத்தார்கள். மேடையில் இருந்தது நான்கு வாத்தியக் கலைஞர்கள். அங்கே மாற்றியது கேட்பவரை, வாசிப்பவரை அல்ல. அந்த டிசம்பரில் மெட்ராஸ் மியூசிக் அகாடமி இசைவிழாவை இணையத்தில் நடத்தியது. அதிலும் பாடகரோடு வயலினும் மிருதங்கமும் பக்கத்தில் உட்கார்ந்துதான் வாசித்தன. நியூயார்க்கின் பிராட்வேயில் 2003 மார்ச்சில் வாத்தியக் கலைஞர்கள் நான்கு நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். எங்கள் இடத்தில் இயந்திர இசையை வைக்காதே என்பதுதான் பேச்சு. முடிவில் எண்ணிக்கை குறைந்தது, ஆனால் ஒவ்வொரு பெரிய அரங்கிலும் குறைந்தது இத்தனை பேர் இருக்கவேண்டும் என்ற விதி நிலைத்தது. அவர்களுக்குச் சங்கம் இருக்கிறது. எங்களுக்கு யார் இருக்கிறார்கள்?

கோவிலிலும் இதுவே நடந்தது, உங்களுக்குத் தெரியாததில்லை. தவிலும் நாதஸ்வரமும் இருந்த இடத்தில் மோட்டார் மேளம் வந்தது. பொத்தானை அழுத்தினால் தீபாராதனைக்கு டமடமவென்று அடிக்கும். அது வந்தபோதும் "வசதி" என்றுதான் சொன்னார்கள். இப்போது திருவிழா வந்தால் உள்ளூரில் ஆள் இல்லை, வெளியிலிருந்து கூப்பிடவேண்டும் என்று அவர்களே அலைகிறார்கள். உள்ளூர்ப் பிள்ளைக்கு வேலை கொடுத்திருந்தால்தானே அவன் கற்றுக்கொண்டிருப்பான்?

இன்னொன்றையும் மனம் விட்டுச் சொல்லிவிடுகிறேன். எத்தனையோ முறை நான் வாசித்த நிகழ்ச்சியின் படம் உங்கள் பத்திரிகையில் வந்திருக்கிறது. வலது ஓரத்தில் என் முழங்கால் தெரியும், சில சமயம் மிருதங்கத்தின் பாதி தெரியும். கீழே டத்தோ பட்டம் பெற்ற பிரமுகர்களின் பெயர்கள் வரிசையாக இருக்கும், பொன்னாடை போர்த்தியவர் பெயரும் இருக்கும். டத்தோ வரும்வரை சுருதி சேர்த்து முக்கால் மணி நேரம் காத்திருந்தவர்கள் நாங்கள். குளிர்சாதன அறையில் அதற்குள் சுருதி மாறிவிடும், மறுபடி கல்லை எடுத்துத் தட்டவேண்டும். என் அம்மா இருந்தவரை அந்தப் படங்களை வெட்டி வைத்தார். பெயர் எங்கே என்று ஒருமுறை கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

நடன ஆசான்கள் சிவதாஸும் கோபால் ஷெட்டியும் இந்த மண்ணில் பாடுபட்டு வளர்த்த பரதம் இது. 1981-இல் கோலாலம்பூரில் டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் என்ற கலைப்பள்ளி தொடங்கியதிலிருந்து இன்றுவரை எத்தனை வீடுகளில் இதனால் சலங்கை ஒலித்திருக்கிறது! பாட்டும் தாளமும் வாசிக்க உள்ளூரில் ஆள் இல்லை என்ற நாளும் இங்கே இருந்தது. அதை மாற்ற இரண்டு தலைமுறை ஆனது. மறுபடியும் அந்த இடத்துக்குப் போக ஐந்து வருடம் போதும்.

உங்களிடம் நான் கேட்பது சின்ன விஷயம்தான். இனி அரங்கேற்றம், சலங்கை பூஜை செய்திகளை வெளியிடும்போது, வாசித்தவர்களின் பெயரையும் சேர்த்துப் போடுங்கள். பதிவு இசை என்றால் "பதிவு இசை" என்று எழுதி, அதைப் பாடியவர், வாசித்தவர் பெயரைக் கேட்டு வாங்கிப் போடுங்கள். அழைப்பிதழில் இல்லையென்றால் உங்கள் நிருபர் ஒரு தொலைபேசி அழைப்பில் தெரிந்துகொள்ளலாம்.

கடந்த ஞாயிறு கட்டுரையோடு நீங்கள் வெளியிட்ட பெரிய படம், நான் பார்வையாளனாக உட்கார்ந்திருந்த அதே சலங்கை பூஜைதான். அன்று ஒலித்த வர்ணத்தைப் பாடியவர், வயலின், மிருதங்கம் ஆகிய மூவரின் பெயர்களையும் தனித்தாளில் எழுதி இத்துடன் இணைத்திருக்கிறேன். வரும் ஞாயிறு திருத்தங்கள் பகுதியில் இரண்டு வரி போட்டால் போதும். அந்தப் பாடகியின் அம்மா உங்கள் பத்திரிகையைத் தினமும் படிப்பவர்.

அன்புடன்,
ஒரு மிருதங்கக் கலைஞர்,
செந்தூல், கோலாலம்பூர்