லினக்ஸ் கணினியை ஒப்படைக்கும்போதே தனித்தனிக் கணக்கு வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டதால், புதிய விண்டோஸைத் தாங்காத பழைய கணினிகளைக் கழித்துவிட மனமில்லாதவர்கள் நாகர்கோவில், மார்த்தாண்டம் பகுதிக் கடைகளில் கொடுத்து உபுண்டு, மின்ட் போன்ற லினக்ஸ் இயங்குதளங்களை ஏற்றி வாங்குகிறார்கள். செலவைக் கருதிப் புதுக் கணினியிலேயே லினக்ஸ் கேட்போரும் உண்டு. வரவேற்கத்தக்க மாற்றம்தான். ஆனால் படிப்பகம், கூட்டுறவுச் சங்கம், மகளிர் குழு எனப் பலர் கைபடும் இடங்களுக்கு அந்தக் கணினிகள் எந்த நிலையில் வந்து சேர்கின்றன என்பதைப் பற்றியே இக்கடிதம்.

எங்கள் படிப்பகத்துக்கு வந்த கணினியில் இருந்தது ஒரே ஒரு பயனர் கணக்கு. கணக்கின் பெயர் கடையின் பெயர். கடவுச்சொல் அதே பெயருடன் 123. அதைக்கூடக் கேட்காமல், பொத்தானை அழுத்தியவுடன் நேராகத் திறந்துகொள்ளும்படி தானியங்கி உள்நுழைவும் வைத்திருந்தார்கள். விசாரித்தபோது, லினக்ஸில் வைரஸ் வராது, கவலை வேண்டாம் என்று கடையில் சொன்னார்கள். நாங்கள் வைரஸைப் பற்றிக் கேட்கவே இல்லை.

உபுண்டுவில் 'ரூட்' என்னும் தலைமைக் கணக்கு பூட்டப்பட்டே இருக்கும். நிறுவும்போது முதலில் உருவாகும் கணக்குக்குத்தான் 'சூடோ' என்னும் கட்டளை வழியாக நிர்வாகி அதிகாரம் கிடைக்கிறது. ஆகவே அந்த ஒற்றைக் கணக்கில் உட்காரும் எவரும் கணினிக்கு முழு உரிமையாளர். மென்பொருளை நீக்கலாம், புதுக் கணக்கு தொடங்கலாம், யாருடைய கோப்பையும் படிக்கலாம். கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வரும் பிள்ளைகளின் ஆதார் நகல், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம் எல்லாம் அதே பதிவிறக்கக் கோப்புறையில் வாரக்கணக்கில் கிடக்கின்றன. அதே கடையில் கணினி வாங்கிய மற்றவர்களுக்கும் எங்கள் கடவுச்சொல் தெரிந்திருக்கும் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். பிறருடைய கடவுச்சொல்லை மோசடியாகப் பயன்படுத்துவோருக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவு 3 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. ஆனால் எல்லோரும் ஒரே பெயரில் நுழையும் இடத்தில், செய்தவர் யார் என்பதைக் கணினியின் பதிவேடு எப்படிக் காட்டும்?

இதைச் சரிசெய்யக் கால் மணி நேரம் போதும். நிர்வாகத்துக்கென ஒரு கணக்கு, அன்றாட வேலைக்கு ஆளுக்கொரு சாதாரணக் கணக்கு. உபுண்டுவின் அமைப்புகளில் பயனர் பகுதிக்குச் சென்று கணக்கைச் சேர்க்கும்போது, அடுத்த முறை நுழைகையில் பயனரே கடவுச்சொல்லை அமைத்துக்கொள்ளட்டும் என்று தேர்வு செய்ய வழியிருக்கிறது. அப்படிச் செய்தால் கடைக்காரருக்கும் தெரியாது, பொறுப்பாளருக்கும் தெரியாது. மறந்துபோனால் என்ன செய்வது என்ற பயத்தில்தான் பலர் கடவுச்சொல்லைத் தாளில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டுகிறார்கள். அந்தப் பயம் தேவையற்றது. லினக்ஸ் கடவுச்சொல்லை அப்படியே சேமிப்பதில்லை. திருப்பிப் படிக்க முடியாத வடிவத்துக்கு மாற்றி, நிர்வாகி மட்டுமே திறக்கக்கூடிய 'ஷேடோ' என்னும் கோப்பில் வைக்கிறது. பழையதை நிர்வாகியாலும் பார்க்க முடியாது, ஆனால் புதியது ஒன்றை ஒரு நிமிடத்தில் வைத்துக் கொடுத்துவிடலாம்.

பழகாதவர்களைத் தடுமாற வைப்பவை வேறு இரண்டு. கட்டளைகளை எழுத்தாகத் தட்டும் 'முனையம்' என்னும் சாளரத்தில் கடவுச்சொல்லைத் தட்டும்போது திரையில் பெரும்பாலும் ஒரு புள்ளிகூட விழாது. விசைப்பலகை கெட்டுவிட்டது என்று நினைத்துப் பெரியவர்கள் எழுந்துபோய்விடுகிறார்கள். பிள்ளைகள் அலட்டிக்கொள்வதில்லை. இன்னொன்று தமிழ்99 என்னும் தமிழ் விசைப்பலகை அமைப்பு. விசைப்பலகை தமிழில் இருக்கும்போது ஆங்கில எழுத்துக் கடவுச்சொல்லைத் தட்டினால் எத்தனை முறை முயன்றாலும் உள்ளே விடாது. உள்நுழைவுத் திரையின் மூலையில் எந்த மொழி காட்டுகிறது என்று பார்க்கச் சொல்லிக் கொடுத்தாலே உதவி கேட்டு வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதி குறையும்.

கடவுச்சொல் நீளமாக இருப்பதே முக்கியம். ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதினால் நினைவிலும் நிற்கும், ஊகிப்பதும் கடினம். மாதந்தோறும் மாற்றச் சொல்லும் வழக்கத்தை விட்டுவிடலாம். காரணமின்றிக் குறிப்பிட்ட இடைவெளியில் மாற்றக் கட்டாயப்படுத்த வேண்டாம் என்று அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2017-இலேயே சொல்லிவிட்டது. பொறுப்பிலிருந்து ஒருவர் விலகினால் அவருடைய கணக்கை உடனே அழித்துவிடாமல் பூட்டி வைப்பது நல்லது. லினக்ஸ் கோப்பின் உரிமையாளரைப் பெயரால் அல்ல, எண்ணால்தான் குறித்துக்கொள்கிறது. கணக்கை அழித்தால் அந்த எண் அடுத்து வருபவருக்குப் போய், எஞ்சியிருக்கும் பழைய கோப்புகளும் அவருடையதாகிவிடக்கூடும்.

கணினியையே தூக்கிச் செல்பவரைக் கடவுச்சொல் தடுத்துவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். கோப்புகள் சேமிக்கப்பட்டிருக்கும் வட்டைக் கழற்றி வேறு கணினியில் பொருத்தினால் எல்லாம் தெரியும். உறுப்பினர்களின் கடன் விவரம் வைத்திருக்கும் சங்கங்கள், நிறுவும்போதே முழு வட்டையும் மறையாக்கம் செய்யும்படி, அதாவது தனிச் சொல் ஒன்றைத் தராமல் யாராலும் படிக்க முடியாதபடி மாற்றும்படி, கேட்க வேண்டும். அந்த மறையாக்கச் சொல் தொலைந்தால் கோப்புகளும் தொலைந்தவையே என்பதால், அதை மட்டும் தாளில் எழுதி அலுவலகப் பெட்டகத்தில் வைக்கலாம்.

கடைகளைக் குறை சொல்லி மட்டும் பயனில்லை; கேட்காததை அவர்கள் செய்துதர வேண்டிய கட்டாயமில்லை. ஆகவே நமது மாவட்டத்தின் ஊராட்சிகளும் கூட்டுறவுச் சங்கங்களும் படிப்பகங்களும் கணினிக்கான கொள்முதல் ஆணையில் ஒரு நிபந்தனையைச் சேர்க்க வேண்டுகிறேன்: கடையின் கணக்கும் தானியங்கி உள்நுழைவும் நீக்கப்பட்டு, நிர்வாகிக் கணக்கின் கடவுச்சொல்லை வாங்குபவரே தம் கையால் தட்டிய பிறகுதான் மீதித் தொகை வழங்கப்படும்.

இப்படிக்கு,
படிப்பகப் பொறுப்பாளர் ஒருவர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.