ஒரே தாளில் இரண்டு பெயர்கள்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். ஆங்கில வகுப்பில் ஏன் வீடியோ போடுகிறீர்கள், கட்டுரைத் தாளில் ஏன் இரண்டு பேர் பெயர் இருக்கிறது என்று உங்களில் சிலர் கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்விதான்.

பேச்சே இல்லாத இரண்டு நிமிட வீடியோ ஒன்றைக் காட்டுகிறோம். பிள்ளைகள் இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து, அதைப் பார்க்காதவருக்கும் புரியும்படி ஆங்கிலத்தில் எழுத வேண்டும். இருவருக்கும் ஒரே தாள், ஒரே பேனா. பாதியில் பேனா கை மாறும்.

போன வாரம் எட்டாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். வீடியோவில் ஒருவர் குடையை விரிக்கிறார், காற்று அதைப் பறித்துக்கொண்டு போகிறது. ஒரு மாணவி 'எ மேன்' (யாரோ ஓர் ஆள்) என்று தொடங்கினாள். அடுத்த வரியிலும் 'எ மேன்' என்றே எழுதப் போனாள். பக்கத்தில் இருந்தவள் பேனாவைப் பிடித்து நிறுத்தி, "அப்படி எழுதினா வேற ஆள்னு நினைப்பாங்க. இது அதே ஆள்தானே?" என்றாள். கொஞ்ச நேரம் வாக்குவாதம். அப்புறம் அடித்துவிட்டு 'த மேன்' (அந்த ஆள்) என்று எழுதினார்கள். தமிழில் இந்த 'எ', 'த' இல்லாததால் நம் பிள்ளைகள் அடிக்கடி தடுமாறும் இடம் இது. இந்த விதியைக் கரும்பலகையில் எத்தனையோ முறை எழுதிப் போட்டிருக்கிறோம். அன்று அவர்களே அதைக் கண்டுபிடித்தார்கள்.

கனடாவில், வீட்டில் ஆங்கிலம் பேசி, பள்ளியில் பிரெஞ்சு வழியில் படித்த பிள்ளைகளை ஆராய்ந்த மொழிக்கல்வி ஆய்வாளர் மெரில் ஸ்வெயின், 1985-இல் இதைத்தான் எழுதினார். ஆண்டுக்கணக்கில் கேட்டும் படித்தும் நன்றாகப் புரிந்துகொண்ட பிள்ளைகள்கூட, பேசும்போதும் எழுதும்போதும் பிழை விட்டார்கள். தானே சொல்லிப் பார்க்கும்போதுதான், எது தெரியவில்லை என்பது பிடிபடுகிறது.

ஒருவர் எழுத, இன்னொருவர் சும்மா இருந்துவிட மாட்டாரா? அந்தக் கவலை எங்களுக்கும் உண்டு. அதனால்தான் பேனாவை மாற்றுகிறோம். அடுத்த வாரம் வேறொரு வீடியோவைப் பார்த்து ஒவ்வொருவரும் தனியாக எழுதுவார்கள். மதிப்பெண் அதற்கு மட்டும்தான். கலந்து பேசும்போது தமிழில் பேசினாலும் தடுப்பதில்லை.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டில் எழுதும்போது கைப்பேசியில் மொழிபெயர்த்துக் கொடுக்காதீர்கள், பிழையையும் திருத்த வேண்டாம். வீடியோவைப் பார்க்காதவராக எதிரில் உட்கார்ந்து, "யார் அந்த ஆள்? அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேளுங்கள். ஆங்கிலம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, தமிழிலேயே கேளுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்