விழுந்த மரத்தை ஏன் எடுத்தீர்கள்?

பூங்கா நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். மூன்று ஆண்டுகளாக ஏறக்குறைய எல்லா ஞாயிற்றுக்கிழமைகளிலும் என் மகளோடு உங்கள் பூங்காவுக்கு வருகிறேன். பாதி வழியிலேயே தூக்கச் சொல்லி அடம்பிடித்த வயதில் அவளை முதன்முதலாக அழைத்து வந்தேன். இப்போது ஆறு வயது. எனக்கு முன்னால் ஓடுகிறாள். சென்ற வாரம் அப்படி ஓடியவள், நடைபாதையின் இரண்டாவது வளைவில் சட்டென்று நின்றுவிட்டாள்.

"அப்பா, நம் மரம் எங்கே?"

நாங்கள் முதலில் வருவதற்கு முன்பே விழுந்து, பாதையோரம் நீட்டிப் படுத்துக் கிடந்த அந்தப் பெரிய மரத்தைக் காணோம். அந்த இடத்தில் மண் நிரவப்பட்டு, புல் பதித்து, வாயைத் திறந்தபடி ஒரு சிமென்ட் முயல் நிற்கிறது. குப்பைத்தொட்டியாம். முயலின் மீது எனக்குக் கோபமில்லை. குப்பையைக் கண்ட இடத்தில் எறிகிறவர்கள் இருக்கும்வரை அதற்கும் வேலை இருக்கும். ஆனால் அதை வைக்க வேறு இடமா இல்லை?

நுழைவாயிலில், "இறந்த மரங்கள் அகற்றப்பட்டுப் பூங்கா தூய்மைப்படுத்தப்பட்டுள்ளது" என்று பெருமையாக எழுதி வைத்திருக்கிறீர்கள். அந்த வாசகத்தைப் படித்த பிறகுதான் இந்த மடலை எழுத உட்கார்ந்தேன்.

உங்கள் பூங்காவில் மான்கள் இருக்கின்றன, குளத்தில் ஆமைகள் இருக்கின்றன. எல்லாக் குடும்பங்களும் முதலில் அங்கேதான் போகின்றன, நாங்களும் போவோம். மான்களுக்கு விடியலும் அந்தியும்தான் சுறுசுறுப்பான நேரம். நாங்கள் போகிற நடுப்பகலில் அவை நிழலில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருக்கும். பிள்ளைகள் இரண்டு நிமிடம் பார்ப்பார்கள், பிறகு "எழுந்திருக்கச் சொல்லு" என்பார்கள். ஆமைகளும் வெயில் காய்வதில் மும்முரமாக இருக்கும். குழந்தைகளின் பொறுமைக்கு ஏற்ற விலங்குகள் அந்த மரத்தில்தான் இருந்தன. எத்தனை மணிக்குப் போனாலும் அங்கே யாராவது வீட்டில் இருப்பார்கள்.

மரவட்டையை என் மகள் முதலில் பார்த்தது அங்கேதான். தொட்டதும் சுருண்டது. அது மறுபடி விரியும்வரை காத்திருக்கக் கற்றுக்கொண்டாள். மற்ற எதற்கும் காத்திருக்காதவள். பூரானுக்கு உடலின் ஒரு கணுவுக்கு ஒரு ஜோடிக் கால், மரவட்டைக்குப் பெரும்பாலான கணுக்களில் இரண்டு ஜோடி என்று சொன்னேன். மண்டியிட்டு எண்ணத் தொடங்கினாள், பாதியில் கணக்குத் தவறியது. (ஆயிரங்கால் என்று பெயர் வைத்தோமே தவிர, உண்மையிலேயே ஆயிரத்தைத் தாண்டிய ஓர் இனம் 2021இல்தான் அறிவிக்கப்பட்டது. மேற்கு ஆஸ்திரேலியாவில் நிலத்தடியில் கிடைத்தது, கால்கள் 1,306. இதைச் சொன்ன நாள் முதல் வீட்டுக்கு வருகிற எல்லாரிடமும் அவள் ஒப்பிக்கிறாள்.)

பட்டை உரிந்த இடத்தில் விசிறி விசிறியாகக் காளான் முளைத்திருக்கும். மரத்துக்கு விறைப்பைத் தருவது லிக்னின். அதைச் சிதைக்கும் திறன் உயிர்களில் வெகு சிலவற்றுக்கே உண்டு, அவற்றில் முதன்மையானவை இந்தப் பூஞ்சைகள். அவை மரத்தை இளக்கிக் கொடுத்த பிறகுதான் மற்றவர்களுக்குப் பந்தி. வண்டுப் புழுக்கள் உள்ளே குடைகின்றன. ஐரோப்பாவில் கலைமானின் கொம்பு போன்ற தாடைகளோடு திரிகிற பெரிய வண்டு, புழுவாக உளுத்த மரத்துக்குள் பல ஆண்டுகள் கிடந்துவிட்டு, வண்டாக ஒரே கோடைதான் வாழ்கிறது. புழுக்களைத் தேடி மரங்கொத்தி வருகிறது. பட்டுப்போய் நிற்கும் மரத்தில் அது குடைந்துவிட்டுப் போகிற பொந்தில், தானாகத் துளையிடத் தெரியாத மைனாவும் சிறு ஆந்தையும் குடியேறுகின்றன.

ஆக்ஸ்ஃபோர்டுக்கு அருகே உள்ள வைத்தம் காட்டைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த சூழலியலாளர் சார்லஸ் எல்டன், 1966இல் இதைப் பற்றி எழுதினார். விழுந்த மரங்களையும் உளுத்த மரங்களையும் ஒரு காட்டிலிருந்து எடுத்துவிட்டால், அங்குள்ள விலங்கினங்களில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் போய்விடக்கூடும் என்பது அவருடைய கணிப்பு. அமெரிக்காவின் ஒலிம்பிக் தேசியப் பூங்காவில், ஹோ மழைக்காட்டில், விழுந்த மரங்களின் முதுகிலேயே அடுத்த தலைமுறை மரங்கள் வரிசையாக முளைத்து வளர்கின்றன. அதைப் பார்க்கவே மக்கள் தேடிப் போகிறார்கள். நீங்களோ வண்டி வைத்து அள்ளிக்கொண்டு போயிருக்கிறீர்கள்.

உங்கள் கவலைகள் எனக்குப் புரியாமல் இல்லை. பட்டுப்போன மரம் பாதைமேல் சாய்ந்து நின்றால் வெட்டத்தான் வேண்டும்; குழந்தைகள் நடக்கிற இடம். விழுந்த மரத்தில் பாம்பு இருக்குமே என்று சில பெற்றோர் உங்களிடம் முறையிட்டிருக்கலாம். இருக்கலாம்தான். கையை உள்ளே விடாமல் இரண்டடி தள்ளி நின்று பார்க்கும்படி ஒரு பலகை வைத்தால் போதுமே? காரணத்தையும் சேர்த்து எழுதினால் குழந்தைகள் அந்தப் பலகையை மதிப்பார்கள். இப்போதிருக்கும் பலகைகள் எல்லாம் "கூடாது" என்பதோடு நின்றுவிடுகின்றன.

சக்கர நாற்காலிக்கும் குழந்தை வண்டிக்கும் ஏற்றபடி நுழைவாயில் பக்கம் தளம் போட்டது நல்ல வேலை. அதற்கு என் நன்றி. ஆனால் புதிதாக நட்டிருக்கும் விளக்குகளை, கதவைப் பூட்டிய பின்னும் இரவெல்லாம் எரியவிடுவது யாருக்காக என்று தெரியவில்லை. பூச்சிகள் வெளிச்சத்தைச் சுற்றிச் சுற்றியே சாகின்றன.

கேட்க வந்தது ஒன்றுதான். குளக்கரையில் பட்டுப்போய்ச் சாய்ந்து நிற்கும் மரத்தில் சிவப்பு வண்ணத்தால் குறி போட்டிருக்கிறீர்கள். அடுத்தது அதுதான் போலும். வெட்டுங்கள், ஆனால் கொண்டுபோகாதீர்கள். கிளைகளைக் கழித்துவிட்டு, அடிமரத்தைப் பாதையிலிருந்து பத்தடி தள்ளி, நிழலில், மண்ணோடு மண்ணாகப் படும்படி கிடத்திவிடுங்கள். வண்டி வாடகையும் மிச்சம். பக்கத்தில் சிறு பலகை ஒன்றில் வெட்டிய தேதியை எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு என்ன முளைத்திருக்கிறது, எந்தப் பக்கம் உளுத்திருக்கிறது என்று வருகிறவர்கள் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அறுக்கிற நாளை முன்கூட்டியே சொன்னால் நல்லது. அறுத்த முகத்தில் தெரிகிற வளையங்களைத் தான்தான் முதலில் எண்ண வேண்டும் என்கிறாள் என் மகள்.

இப்படிக்கு,
ஞாயிறுதோறும் வரும் ஒரு தந்தை