வாசகர் வட்டம்: 2016–17 ஆண்டறிக்கை

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

திருவனந்தபுரம் கரமனையில் கூடும் நம் தமிழ் வாசகர் வட்டத்தின் கடந்த ஆண்டுப் பணிகளைச் செயலாளர் என்ற முறையில் முன்வைக்கிறேன். வட்டம் 11 முறை கூடியது. ஐப்பசிக் கூட்டம் அடைமழையால் நடக்கவில்லை. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

2016 ஜூன் 26 அன்று மலையாளக் கவிஞரும் நாடகாசிரியருமான காவாலம் நாராயண பணிக்கர் நம் திருவனந்தபுரத்தில் காலமானார். வயது 88. அடுத்த வாரம் கூடிய நிர்வாகக் குழு, ஆண்டு முழுக்க அவருடைய கவிதைகளையும் பாட்டுகளையும் எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்தது. இதே நகரில் வாழ்ந்த அவரை ஒருமுறைகூட நம் கூட்டத்துக்கு அழைக்கவில்லையே என்ற வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை.

ஆடிக் கூட்டம் சோபிக்கவில்லை. அதற்குக் காரணம் நான்தான். நாட்டுப்பாட்டு மெட்டில் அவர் எழுதிய சில வரிகளைத் தமிழாக்கி, படியெடுத்துக் கொடுத்தேன். பொருள் வந்திருந்தது, பாட்டு வரவில்லை. வாசித்து முடித்ததும் யாரும் வாய் திறக்கவில்லை. அப்போது உறுப்பினர் ஒருவரின் மாமியார், குட்டநாட்டுக்காரர், "இதை உட்கார்ந்து படிச்சா எப்படி? கையைத் தட்டுங்க" என்று சொல்லிவிட்டு, மலையாளத்தில் தாமே பாட ஆரம்பித்தார். இரண்டாவது அடியில் மொத்தக் கூடமும் தாளம் போட்டது. அதன் பிறகு நாம் எந்தப் பாட்டையும் தாளமில்லாமல் தொடவில்லை.

அந்த அம்மா பாடியதைக் கேட்ட பிறகுதான் பணிக்கரின் ஊரை நினைத்துப் பார்த்தோம். ஆலப்புழை மாவட்டத்துக் குட்டநாட்டில், பம்பைக் கரையில் இருக்கிறது காவாலம். கடல்மட்டத்துக்கும் தாழ்ந்த வயல்களிலிருந்து தண்ணீரை இறைத்து நெல் விளைவிக்கும் சீமை அது. சக்கரம் மிதிக்கும்போது ஒரு பாட்டு, நாற்று நடும்போது ஒரு பாட்டு, வள்ளம் துழாவும்போது ஒரு பாட்டு. காலும் கையும் அசைவதற்கு ஏற்பச் சொல் விழும். நம் ஏற்றப்பாட்டும் நடவுப்பாட்டும் இப்படிப் பிறந்தவைதானே! 1928இல் அங்கே பிறந்த பணிக்கர், எதை எழுதினாலும் அந்தத் தாளத்தை விடவில்லை என்பது என் கருத்து.

வக்கீலாகச் சில ஆண்டுகள் இருந்தார். 1961இல் திருச்சூரில் கேரள சங்கீத நாடக அகாதமியின் செயலாளரானார். படயணி, தெய்யம், கூடியாட்டம் என்று கேரளத்தின் மரபுக் கலைகள் எல்லாவற்றையும் அருகிருந்து பார்க்கும் வாய்ப்பு அப்போது கிடைத்தது. 'அவனவன் கடம்ப' நாடகத்தை அவர் எழுத, திரைப்பட இயக்குநர் அரவிந்தன் இயக்கினார். அரங்கக் கட்டடத்தை விட்டுத் திறந்தவெளிக்குக் கொண்டுபோன நாடகம் அது. நடித்தவர்களில் பின்னாளில் சினிமாவில் புகழ்பெற்ற நெடுமுடி வேணுவும் ஒருவர். பிறகு தம் 'சோபானம்' நாடகக் குழுவோடு, பண்டைய நாடகாசிரியர் பாசனின் சமஸ்கிருத நாடகங்களையும் மேடையேற்றினார். 2007இல் பத்மபூஷண் வந்தது. இவற்றுக்கு நாம் ஒரே ஒரு கூட்டம்தான் ஒதுக்கினோம். நாடகம் நம் கைக்கு எட்டாத பெரிய விஷயம்.

மார்கழிக் கூட்டத்தில் சினிமாப் பாட்டுகள். 1979இல் வந்த அரவிந்தனின் 'கும்மாட்டி' படத்தைத் திரையிட்டோம். குழந்தைகளைப் பின்னால் இழுத்துக்கொண்டு ஆடிப்பாடி வரும் கிழவனின் பாட்டுகளை எழுதியவர் பணிக்கர். நம் உறுப்பினர்களின் பிள்ளைகள் படம் முடிந்தும் அதைப் பாடிக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள். யார் எழுதியது என்று அவர்கள் கேட்கவில்லை. வழிவழியாக வந்த பாட்டு என்றே நினைத்திருப்பார்கள். ஒரு கவிஞனுக்கு இதைவிடப் பெரிய மரியாதை எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் ஒரு கோரிக்கை. ஆடிக் கூட்டத்தில் பாடிய அந்த அம்மாவுக்கு வயதாகிறது. அவருக்குத் தெரிந்த வயல்பாட்டுகளை ஒலிப்பதிவு செய்துவைக்க நிர்வாகக் குழு விரும்புகிறது. நல்ல ஒலிப்பதிவுக் கருவி வைத்திருப்பவர்கள் தந்து உதவுங்கள். அடுத்த தை மாதம் ஆலப்புழையிலிருந்து படகில் காவாலம் போவதாகத் திட்டம். வர விரும்புகிறவர்கள் கார்த்திகைக்குள் பெயர் கொடுங்கள். அம்மாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

அறிக்கையை அவையின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்