எந்தப் பாகம் என்று எழுதித் தரட்டும்

ஐயா,

ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றில், எதிரே வந்த வேன் எங்கள் காரின் முன்பக்கத்தை இடித்துவிட்டது. சேலத்தில் ஒரு பட்டறையில் சரிசெய்தோம். பில்லில் 'கம்பெனி ஒரிஜினல்' என்றிருந்த ஹெட்லைட்டுக்குள் முதல் மழையிலேயே தண்ணீர் இறங்கியது. கழற்றிப் பார்த்தால் கம்பெனி முத்திரையே இல்லை.

கார் கம்பெனியுடையதல்லாத வெளிமார்க்கெட் பாகமெல்லாம் மோசமில்லை, முன்பக்கக் கிரில்லுக்கு அது போதும். பம்பருக்குப் பின்னால் இடியைத் தாங்கும் இரும்புச் சட்டத்துக்கும் ஏர்பேக் சென்சாருக்கும் அப்படி விட முடியுமா? பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு இன்சூரன்ஸில் 50 சதவீதம் தேய்மானம் கழிக்கிறார்கள். இந்தக் கழிவு இல்லாத 'ஜீரோ டெப்' என்ற கூடுதல் காப்பீடு எடுக்காதவர்கள் மலிவானதைத் தேடுவது இயல்புதான். ஆனால் கம்பெனிப் பாகமா, வெளிப்பாகமா, பழையதா என்று பட்டறைக்காரர் எஸ்டிமேட்டிலேயே எழுதித் தர வேண்டும். கழற்றியதையும் கண்ணில் காட்ட வேண்டும்.

- ஒரு வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்