ஆசிலோஸ்கோப்பின் எர்த் பின்னை உடைக்க வேண்டாம்

ஆசிரியருக்கு,

பாலிடெக்னிக் ஆய்வகமோ டி.வி. சர்வீஸ் கடையோ, மின் அலைகளைத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப்பின் பவர் கார்டில் எர்த் பின்னை உடைத்து வைப்பது சகஜமாகிவிட்டது. உடைப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஆனால் அதற்கான தீர்வு கருவியின் இரண்டாவது சேனலிலேயே (உள்ளீட்டிலேயே) இருக்கிறது.

சாதாரண மேசை ஆசிலோஸ்கோப்பில் எல்லா சேனல்களின் கிரவுண்ட் கிளிப்புகளும் உள்ளே ஒன்றாக இணைந்து, மூன்றாவது பின் வழியாகக் கட்டட எர்த்துக்குப் போகின்றன. எஸ்.எம்.பி.எஸ். எனும் ஸ்விட்சிங் பவர் சப்ளையின் பிரைமரியில் (மெயின்ஸ் இணைந்த பக்கத்தில்) உள்ள பெரிய கெப்பாசிட்டரின் நெகட்டிவ் முனையோ எர்த்தில் இல்லை. ஏ.சி.யை டி.சி.யாக்கும் பிரிட்ஜ் டையோடு வழியாக, நெகட்டிவ் அரைச்சுற்றுகளில் லைனோடு சேர்ந்து மைனஸ் 325 வோல்ட் வரை இறங்கும். அங்கே கிளிப்பை மாட்டினால் லைனும் எர்த்தும் ஷார்ட்: டையோடு வெடிக்கும், ஃபியூஸ் போகும், கிளிப் நுனி கருகும். பின்னை உடைத்தால் இந்தப் பட்டாசு நிற்கும். ஆனால் அந்த வோல்டேஜ் முழுவதும் கருவியின் உலோக உடம்புக்கும் பி.என்.சி. (உள்ளீட்டு) சாக்கெட்டுக்கும் யு.எஸ்.பி. போர்ட்டுக்கும் வந்துவிடும். எதையும் மாட்டாதபோதுகூட, உள்ளிருக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் வழியாக லேசாக ஷாக் அடிக்கும்.

தீர்வு இதுதான்: கிளிப்புகளை சர்க்யூட்டில் மாட்டவே வேண்டாம். இரண்டையும் ஒன்றோடொன்று கவ்விவிடுங்கள். இரு புரோப்களையும் (அளக்கும் முனைகளையும்) 10எக்ஸில், அதாவது வோல்டேஜைப் பத்தில் ஒன்றாகக் குறைக்கும் நிலையில் வைத்து, முன்பக்கத்தில் வரும் 1 கிலோஹெர்ட்ஸ் சதுர அலையில் மாட்டி, அலையின் தலை தட்டையாகும்வரை புரோப்பிலுள்ள டிரிம்மரை (சிறு திருத்தத் திருகை)த் திருகுங்கள். சேனல் மெனுவிலும் 10எக்ஸ் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் 325 வோல்ட்டை 32.5 என்று காட்டும். புரோப் சுவிட்ச் தவறி 1எக்ஸில் இருந்தால்தான் விபரீதம். பல கருவிகளின் உள்ளீட்டு எல்லை 300 வோல்ட்தான். இரு சேனலுக்கும் டி.சி. கப்ளிங் (டி.சி. பகுதியைத் தடுக்காத அமைப்பு), ஒரே வோல்ட்/டிவிஷன். பவரை அணைத்து, கெப்பாசிட்டர் டிஸ்சார்ஜ் ஆனபின் ஒரு நுனியை அளக்க வேண்டிய பாகத்தின் மேல்முனையிலும் மற்றதைக் கீழ்முனையிலும் மாட்டி, மேத் மெனுவில் சேனல் 1இலிருந்து 2ஐக் கழியுங்கள். பழைய அனலாக் கருவியில் சேனல் 2ஐ இன்வர்ட் செய்து ஆட் பட்டனை அழுத்தினால் அதே வேலைதான். அதற்குமுன் இரு நுனிகளையும் ஒரே புள்ளியில் வைத்துப் பார்த்துவிடுவது நல்லது. நேர்கோடு வர வேண்டும். வராமல் துள்ளும் மிச்சம்தான் அளவீட்டின் பிழை.

இதில் எல்லாம் தெரிந்துவிடாது. ஏதாவது ஒரு சேனலின் அலை திரைக்கு வெளியே போனாலும் கழித்து வரும் விடை பொய். 8 பிட் (256 படிகள் கொண்ட) கருவியில் டிவிஷனுக்கு 100 வோல்ட் வைத்தால் ஒரு படியே சுமார் 3 வோல்ட். கரன்ட்டை அளக்க வைக்கும் ஷன்ட் ரெசிஸ்டரின் மில்லிவோல்ட்டை அதில் தேட முடியாது. அதற்கு இரு புள்ளிகளின் வித்தியாசத்தை மட்டும் அளக்கும் டிஃபரென்ஷியல் புரோப்தான் வேண்டும்.

மெயின்ஸுடனான நேரடி மின்தொடர்பைப் பிரிக்கும் ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இருந்தால், பழுதுபார்க்கும் போர்டுக்கு அதைக் கொடுங்கள், ஆசிலோஸ்கோப்புக்கு அல்ல. அப்போது ஒரு கிளிப்பை ஹாட் கிரவுண்டில் (பிரைமரியின் நெகட்டிவ் முனையில்) மாட்டலாம். இன்னொரு கிளிப்பை வேறு புள்ளியில் மாட்டினால் கருவிக்குள்ளேயே ஷார்ட்டாகும்.

ஆய்வகங்களுக்கு டெண்டர் விடுவோர் ‘நான்கு சேனல், 100 மெகாஹெர்ட்ஸ்’ என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஒரு 1:1 ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மரையும் ஒரு டிஃபரென்ஷியல் புரோப்பையும் பட்டியலில் சேர்க்கட்டும். பின் உடைந்த கார்டுகளை இந்தப் பருவத்துக்குள் மாற்றட்டும்.

– மின்னணுவியல் ஆய்வகப் பயிற்றுநர், கோவை