மாறன் கேட்ட சிவப்பு விளக்கு

அன்புள்ள கயல்,

நேற்று வீடியோ காலில் மாறன் அந்தச் சிவப்புக் கலங்கரை விளக்கக் கதையைப் பக்கம் பக்கமாகக் காட்டிவிட்டு, "ஆச்சி, இது இப்பவும் எரியுமா?" என்று கேட்டான். பதில் சொல்வதற்குள் நீ அவனைக் குளிக்கத் தூக்கிக்கொண்டு போய்விட்டாய். அதனால் உனக்கு எழுதுகிறேன், அவனுக்குப் புரிகிற மாதிரி நீயே சொல்லிக்கொள்.

கதையில் வருவது உங்கள் நியூயார்க்கில் ஹட்சன் ஆற்றங்கரையில் நிஜமாகவே நிற்கிற விளக்குதான். ஆனால் அது அந்த ஆற்றுக்காகச் செய்ததே இல்லை, தெரியுமா? 1880ல் நியூ ஜெர்சியில் சாண்டி ஹூக் கடற்கரையில் நிறுத்தியது. நாற்பதடி உயர வார்ப்பிரும்புக் கூம்பு, கழற்றி எடுத்துவந்து வேறு இடத்தில் பூட்டலாம். 1917க்குப் பிறகு அங்கே தேவைப்படவில்லை, 1921ல் உங்கள் பக்கத்து ஜெஃப்ரீஸ் ஹூக் முனைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அதுவரை அங்கே கம்பத்தில் தொங்கிய விளக்குதான், அதுவும் 1889ல் வைத்தது. ஆக, உங்கள் ஊர்க்காரர்கள் இவ்வளவு கொண்டாடுவது ஒரு செகண்ட் ஹேண்ட் விளக்கை!

அந்த முனையில் ஆறு குறுகுகிறது, பாறை வேறு நீட்டிக்கொண்டிருக்கிறது. 1776ல், அமெரிக்கச் சுதந்திரப் போரின்போது, பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் மேலே போகாமல் இருக்க வாஷிங்டனின் படை அங்கேதான் பழைய கப்பல்களையும் தடைகளையும் ஆற்றில் மூழ்கடித்தது (கப்பல்கள் எப்படியோ தாண்டிப் போய்விட்டன, அது வேறு கதை). கப்பலை மறிக்கத் தோதான இடம் என்று பார்த்த அதே முனையில், பின்னால் கப்பல் மோதாமல் இருக்க விளக்கு வைத்தார்கள். ஆறு குறுகலாக இருந்தது அந்த விளக்குக்கு மேலேயே பாலம் கட்டவும் வசதியாகப் போயிற்று. 1931ல் ஜார்ஜ் வாஷிங்டன் பாலம் திறந்தபோது இரண்டு கோபுரங்களுக்கும் நடுவில் 3,500 அடி, அன்றைக்கு உலகத்திலேயே நீளமான தொங்குபாலம் அதுதான். அத்தனை வெளிச்சத்துக்குக் கீழே இந்தச் சின்ன விளக்கை யார் பார்க்கப்போகிறார்கள்?

மாறன் வைத்திருக்கும் புத்தகம் 1942ல் வந்தது. அதில் பாலம் விளக்கிடம், என் வெளிச்சம் வானத்தில் பறப்பவற்றுக்கு, ஆற்றுக்கு நீதான் வேண்டும் என்கிற மாதிரி சொல்லும், குழந்தைகளும் நிம்மதியாகத் தூங்கிவிடும். நிஜத்தில் 1948ல் கடலோரக் காவல்படை அதை அணைத்துவிட்டது, 1951ல் ஏலம் விடவும் பார்த்தார்கள். அப்போதுதான் அந்தக் கதையைப் படித்து வளர்ந்த பிள்ளைகளும் பெரியவர்களும் கூடாது என்று கிளம்ப, அந்த ஜூலையில் நகரப் பூங்காத் துறை அதை வாங்கிக்கொண்டது. இத்தனைக்கும் துறைக்கு அப்போது தலைவர் ராபர்ட் மோசஸ், சாலை போடுவதற்காக எத்தனையோ பேரின் வீடுகளை இடித்தவர் என்று இன்றைக்கும் திட்டு வாங்குகிற மனிதர். 181வது தெருவிலிருந்து ஆற்றங்கரைக்குப் போக நடைபாலம் ஏறித் தாண்டுவோமே, கீழே இரைச்சலாக ஓடும் அந்த நெடுஞ்சாலைகூட அவர் போட்டதுதான்.

அப்புறம் 2002ல் நகர நிர்வாகம் திரும்ப ஏற்றியது. எனவே மாறனுக்குப் பதில், எரியும். ஆனால் நடுவில் ஐம்பது வருஷத்துக்கு மேல் அணைந்து கிடந்ததையும் சேர்த்துச் சொல், பிள்ளை அழுவான் என்று அதை விட்டுவிடாதே. பாலம் பெரிய மனசு பண்ணியதாகக் கதையில் இருக்கிறது, எனக்கென்னவோ அந்தப் பிள்ளைகள் கத்தி ஆர்ப்பாட்டம் பண்ணியதுதான் அதைவிடப் பிடித்திருக்கிறது. அவன் வயசுக்கு அதுவும் பிடிக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போய்வாருங்கள். ஸ்ட்ரோலர் வேண்டாம், இறங்கும்போது ஒன்றும் தெரியாது, ஏறி வரும்போதுதான் தெரியும். விளக்குக்குள்ளே எல்லா நாளும் விடுவதில்லை, பூங்காத் துறை திறக்கிற நாளை முன்கூட்டியே கேட்டுக்கொள். காற்று அதிகமாக இருக்கும், அவனுக்குக் குல்லா போட மறக்காதே.

அன்புடன்,
அம்மா